எதற்காகப் போனை எடுத்தீர்கள்?

எங்கள் கம்பெனியில் என்ன செய்கிறோம் என்று யாரிடம் விளக்கினாலும் முதலில் சிரிப்பார்கள். போனை அதிகமாகப் பார்க்கிறவர்கள் தங்கள் பழக்கத்தைத் தாங்களே யோசித்துப் பார்க்க உதவும் ஒரு ஆப். அதையும் போனில்தான் போட்டுக்கொள்ள வேண்டும். "குடியை நிறுத்தற மாத்திரையை ஒயின் ஷாப்புலயே விக்கற கதையா இருக்கே" என்றாள் அம்மா. வாய்ப்பேச்சில் அம்மாவை ஜெயித்தவர்கள் எங்கள் வீட்டில் கிடையாது. நான் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டேன்.

இதுபோல ஆப்கள் வெளியே நிறைய இருக்கின்றன. சில போனைப் பூட்டிவிடும். சில, இன்றைக்கு இவ்வளவு நேரத்தை வீணடித்தீர்கள் என்று சிவப்பில் எழுதிக் காட்டும். திட்டு வாங்குவதற்கு யாரும் ஆப் போட வேண்டியதில்லை, அதற்கு வீட்டில் ஆட்கள் இருக்கிறார்கள் என்பது என் கட்சி. நாங்கள் செய்தது வேறு மாதிரி. போனைத் திறந்ததும் சில சமயம் ஒரு கேள்வி வரும்: "எதற்காகப் போனை எடுத்தீர்கள்?" அதன் கீழே ஐந்து பதில்கள், ஒன்றன் கீழ் ஒன்றாக. ஒன்றைத் தொட்டுவிட்டு உங்கள் வேலையைப் பார்க்கப் போகலாம். வாரக் கடைசியில் ஒரு வட்டப்படம் வரும். எந்தக் காரணத்துக்காக எவ்வளவு எடுத்தீர்கள் என்று நிறம் நிறமாகக் காட்டும். மார்க் கிடையாது, புத்திமதி கிடையாது.

அந்தக் கேள்வி திரையில் எப்படித் தோன்ற வேண்டும் என்று முடிவு செய்வது என் வேலை. இந்தத் தொழிலில் எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் உண்டு. பெங்களூரில் ஒரு மனிதனைச் சுற்றி எல்லாமே கத்துகிறது, ஆட்டோ ஹாரனிலிருந்து பல் டாக்டர் விளம்பரம் வரை. என் கேள்வியாவது கத்தாமல் இருக்கட்டும் என்று நினைத்தேன். வெள்ளைப் பின்னணி. மெல்லிய எழுத்து. கறுப்பு கூட இல்லை, மங்கலான சாம்பல் நிறம். தமிழிலும் கன்னடத்திலும் அதே மெலிவு வர வேண்டும் என்று எழுத்துரு தேடியே பல நாட்கள் போயின. கடைசியில் வந்ததைப் பார்த்து ஆபீஸே பாராட்டியது. ஓய்வாக உட்கார்ந்து மூச்சு விடுவதுபோல இருக்கிறது என்று ஒருவர் சொன்னார். அதை நான் வீட்டுக்கு வந்தும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஐந்து பதில்களில் முதலாவதாக நான் வைத்தது "ஏன் எடுத்தேன் என்று தெரியவில்லை." இதற்காக மீட்டிங்கில் சண்டையே போட்டேன். அந்தப் பதிலைத் தொட எல்லோருக்கும் வெட்கமாக இருக்கும், அடியில் வைத்தால் ஒருவரும் தொட மாட்டார்கள், உச்சியில் வைத்தால்தான் தைரியமாக ஒத்துக்கொள்வார்கள் என்பது என் வாதம். எங்கள் இன்ஜினியர் ஒத்துக்கொள்ளவில்லை. தர்மபுரிப் பக்கத்துப் பையன், ஈஜிபுராவில் நண்பர்களோடு ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறான். மீட்டிங்கில் என்னை மேடம் என்பான், வெளியே வந்தால் அக்கா. "மேடம், மேல இருக்கறதைத்தான் எல்லாரும் தட்டிட்டுப் போயிட்டே இருப்பாங்க" என்றான். மனுஷங்க அவ்வளவு சோம்பேறிங்க இல்லை என்று சொல்லி அவன் வாயை அடைத்தேன்.

வெளியாட்களிடம் கொடுப்பதற்கு முன்னால் எங்கள் வீட்டு மனிதர்களிடம் கொடுத்துப் பார்ப்பது எங்கள் ஆபீஸ் வழக்கம். அவர்கள் சம்மதித்தால் வாரப்படம் எங்களுக்கும் வரும். நான் மல்லேஸ்வரத்தில் அப்பா அம்மாவோடு இருக்கிறேன். கல்யாணம் வேண்டாம் என்று நான் முடிவெடுத்து, அதை அவர்கள் ஏற்றுக்கொண்டு, அந்தப் பேச்சே ஓய்ந்து போய்ப் பல காலம் ஆயிற்று. ஆகவே எனக்குக் கிடைத்தவர்கள் இந்த இரண்டு பேர்தான். அப்பா மாநில அரசாங்க ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று தலைமுறையாகப் பெங்களூர்க்காரர். வீட்டுக்குள் தமிழ், வாசல்படி தாண்டினால் கன்னடம். சம்மதமா என்று கேட்டதும் "ஆகட்டும். கையெழுத்து எங்க போடணும்?" என்றார். இங்கே தொட்டால் போதும் என்று அவர் விரலைப் பிடித்து நானே தொட வைத்தேன்.

முதல் வாரப்படங்கள் வந்தன. அம்மாவின் வட்டம் அம்மாவைப் போலவே இருந்தது. வீடியோ என்றால் சமையல், பேச்சு என்றால் தன் தங்கையோடு, "பொழுது போகவில்லை" என்பதற்கு ஒரு பெரிய துண்டு. ஒளிவு மறைவு இல்லாத மனுஷி. அடுத்து அப்பாவின் வட்டத்தைத் திறந்தேன். அது வட்டமாக மட்டும்தான் இருந்தது. துண்டுகளே இல்லை. முழுவதும் ஒரே நிறம். ஏன் எடுத்தேன் என்று தெரியவில்லை.

முதலில் சிரிப்பு வந்தது. உண்மையைச் சொல்லத் தயங்காதவர் என்று நினைத்தேன். அடுத்த வாரமும் அதே வட்டம். அதற்கடுத்த வாரமும். ஒரு நாளில் எத்தனையோ முறை போனை எடுக்கிறார், திறக்கிறார், ஒன்றும் செய்யாமல் வைத்துவிடுகிறார். கேட்டால், தெரியவில்லை. மூன்றாவது படத்தைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம், பெரியப்பா.

பெரியப்பா அப்பாவுக்கு மூத்தவர். அடுத்த கிராஸில், அதாவது அடுத்த குறுக்குத் தெருவில்தான் இருந்தார். அவருக்கு மறதி நோய் வந்தபோது முதலில் அது நோய் என்றே எங்களுக்குத் தெரியவில்லை. ஒரு பொருளைக் கையில் எடுப்பார், எதற்கு எடுத்தோம் என்று பார்த்துக்கொண்டே நிற்பார். பிறகு, ஓய்வு பெற்று வருஷக்கணக்கான பிறகும், காலையில் குளித்து சட்டையை இன் செய்துகொண்டு ஆபீசுக்குக் கிளம்பினார். கடைசியில் ஒரு நாள் அப்பாவைப் பார்த்து, "சார், நீங்க யாரு, தெரியலையே?" என்று மரியாதையாகக் கேட்டார். அப்பா வெளியே வந்து செருப்பை மாட்டினார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். அப்படிப்பட்ட வீட்டில், எதற்கு எடுத்தேன் என்று தெரியவில்லை என்று ஒருவர் வாரம் முழுக்கச் சொன்னால் அதை எப்படி எடுத்துக்கொள்வது?

பயம் வந்துவிட்டால் சாட்சிகள் தானாக வந்து வரிசையில் நிற்கும். அப்பா கோயிலுக்குப் போய் ஒரு காலில் கறுப்புச் செருப்பும் மறு காலில் பழுப்புச் செருப்புமாக வந்தார். சிவாஜிநகர் பஸ் என்று நினைத்து வேறெங்கோ போகிற பஸ்ஸில் ஏறி, பாதியில் இறங்கி ஆட்டோ பிடித்து வந்தார். எதிர் வீட்டு மாமா, "ஏன்மா, உங்கப்பாவுக்கு என் மேல கோபமா? நேர்ல வந்தும் கண்டுக்காம போறாரு" என்று என்னிடம் குறைப்பட்டார். அப்பா பேப்பர் படிப்பதை விட்டுவிட்டார். கேட்டால் "அதுல என்ன இருக்கு, டிவியிலேயே எல்லாம் சொல்லிடறான்" என்பார். பேப்பர்க்காரன் ஒரு நாள் வராவிட்டால் ஏஜென்ட் வீடு வரைக்கும் போய்ச் சண்டை போட்ட மனிதர் இவர்.

எல்லாவற்றுக்கும் மேலே அந்தக் கட்டைவிரல். எங்கள் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் அம்மா வழியில் ஒரு பெரியவர் காலமான செய்தி வந்தது. படம், மாலை, அடக்கம் எத்தனை மணிக்கு என்ற விவரம். எல்லோரும் கைகூப்பும் பொம்மை போட்டிருக்க, நடுவில் அப்பா கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தார். நல்லது, ரொம்ப சந்தோஷம் என்பதுபோல. அன்று சாயங்காலம் வரைக்கும் அம்மாவின் போன் ஓயவில்லை. "உங்க வீட்டுக்காரருக்கும் அவருக்கும் ஆகாதுன்னு தெரியும், அதுக்காக இப்படியா?" என்று ஒருவர் கேட்டே விட்டார். அப்பாவிடம் அம்மா கத்தினாள். அவர் முகம் வெளுத்துப் போயிற்று. "கை தவறிப் பட்டிருக்கும்" என்று மட்டும் சொல்லி உள்ளே போய்விட்டார்.

அம்மாவிடம் நான் எதையும் சொல்லவில்லை. அவளுக்குச் சொன்னால் அரை மணியில் சேலத்துச் சொந்தக்காரர்கள் வரைக்கும் தெரிந்துவிடும். நானே ரகசியமாக அவரைச் சோதிக்க ஆரம்பித்தேன். காய் நறுக்கிக்கொண்டே, "அப்பா, இன்னைக்கு என்ன தேதி?" என்பேன். சொல்வார், கூடவே என்ன திதி என்பதையும் சொல்வார். நான் சின்ன வயதில் விழுந்து கையை உடைத்துக்கொண்டபோது எந்த ஆஸ்பத்திரிக்குப் போனோம் என்று கேட்பேன். ஆஸ்பத்திரி, டாக்டர், மாவுக்கட்டு போட்டவரின் ஊர் வரைக்கும் சொல்வார். சொல்லி முடித்து, "ஏன், இன்ஷூரன்ஸ் கேட்கறானா?" என்பார். இதில் எனக்கு ஆறுதல் கிடைத்திருக்க வேண்டும். கிடைக்கவில்லை. பெரியப்பாவுக்கும் பழசெல்லாம் நன்றாகத்தான் ஞாபகம் இருந்தது. போனதெல்லாம் புதுசுதான். ஞாபகமறதி பார்க்கும் டாக்டர் ஒருவரின் நம்பரை வாங்கி வைத்தேன். கூப்பிடவில்லை. கூப்பிட்டால் நிஜமாகிவிடும் என்று ஒரு முட்டாள்தனமான எண்ணம். எனக்குத் தூக்கம் கெட்டது, பசி போயிற்று. ஆபீசில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன்.

இந்த நேரத்தில்தான் ஆப்பின் புதுப் பதிப்பு வந்தது. வரிசையைப் பற்றிய சண்டையில் இன்ஜினியர் கடைசியில் ஜெயித்திருந்தான். இனி ஐந்து பதில்களும் ஒவ்வொருவர் போனிலும் வாரத்துக்கு ஒரு முறை இடம் மாறும். எது மேலே வரும் என்று யாருக்கும் தெரியாது. எனக்கு அதில் மனம் லயிக்கவில்லை. சரி, செய்துகொள் என்று விட்டுவிட்டேன்.

அந்த வாரப்படம் ஒரு திங்கட்கிழமை காலை ஆபீசில் வந்தது. அப்பாவின் வட்டத்தைத் திறந்தேன். முழுவதும் ஒரே நிறம், ஆனால் இந்த முறை நிறம் வேறு. கீழே எழுதியிருந்ததைப் படித்தேன். "அலுவலக வேலைக்காக."

பெரியப்பா சட்டையை இன் செய்துகொண்டு வாசலில் நின்ற காலைகள் எனக்கு ஞாபகம் வந்தன. அவ்வளவுதான், வந்துவிட்டது என்று நினைத்தேன். எழுந்து மொட்டைமாடிக்குப் போய் ஒரு மூலையில் நின்று அழுதேன். டீ குடிக்க அங்கே வந்த இன்ஜினியர் என்னைப் பார்த்துவிட்டு, திரும்பிப் போவதா நிற்பதா என்று தெரியாமல் விழித்தான். எனக்கும் யாரிடமாவது சொல்லியாக வேண்டியிருந்தது. பெரியப்பாவிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவன் கடைசி வரை கேட்டான். டீயைச் சுவர் மேல் வைத்தான். "அக்கா, ஒரு நிமிஷம் வாங்க" என்று என்னைக் கீழே கூட்டிப் போனான். எங்கள் ஆப்பில், திரையில் விரல் எந்த இடத்தில் பட்டது என்பதும் பதிவாகும். பொத்தான்கள் சரியான இடத்தில் இருக்கின்றனவா என்று பார்ப்பதற்காக நாங்களே வைத்தது. அப்பா போனுடையதை எடுத்துக் காட்டினான். திரையின் மேல்பக்கம் வலது ஓரமாக ஒரே இடத்தில் புள்ளி மேல் புள்ளி. பழைய வாரங்களையும் எடுத்தான். அங்கேயும் அதே இடம்.

"இந்த வாரம் அவர் போன்ல மேல வந்தது 'அலுவலக வேலை.' போன வாரம் வரைக்கும் 'தெரியவில்லை.' அவர் பதில் மாறலக்கா. நம்ம பொத்தான்தான் மாறியிருக்கு."

எனக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. அவன் இன்னொன்றையும் காட்டினான். கேள்வி தோன்றியதற்கும் விரல் பட்டதற்கும் நடுவில் இடைவெளியே இல்லை. "இந்த நேரத்துல யாராலயும் ஒரு வரி கூடப் படிக்க முடியாது. அப்பா இதைப் படிக்கறதே இல்லக்கா."

நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தேன். நெஞ்சில் இருந்த பாறாங்கல் இறங்கியது என்பார்களே, நிஜமாகவே அப்படி இருந்தது, முதுகு வரைக்கும் லேசாயிற்று. பிறகு சிரிப்பு வந்தது. அதன் பின்னாலேயே கோபமும் வந்தது. இத்தனை வாரமாக என்னை உயிரோடு கொன்றது அப்பாவின் சோம்பேறித்தனமா? "மேல இருக்கறதைத்தான் தட்டுவாங்கன்னு யாரோ சொன்னாங்க" என்றான் அவன், என் முகத்தைப் பார்க்காமல். சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டேன். அன்றைக்கு அவன் என்ன சொன்னாலும் எனக்குச் சம்மதம்.

சாயங்காலம் மெட்ரோவில் உட்கார இடம் கிடைத்தது. எதிரே ஒரு பெரியவர். போனைக் கையை நீட்டிப் பிடித்தார், பக்கத்தில் கொண்டுவந்தார், கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கினார், தலையைச் சாய்த்தார். கடைசியில் "ப்ச்" என்று பைக்குள் போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் எடுத்தார்.

அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்பா சோம்பேறி இல்லையே என்று தோன்றியது. ரேஷன் கார்டில் வரும் சிறிய எழுத்து வரைக்கும் படிக்கிற ஆள். அவர் ஒன்றைப் படிக்காமல் தட்டுகிறார் என்றால்? செருப்பு, பஸ் போர்டு, எதிர் வீட்டு மாமா, பேப்பர், இரங்கல் செய்தி. நான் வரிசையாக நிறுத்தி வைத்திருந்த சாட்சிகளை மறுபடியும் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுப் பார்த்தேன். எதற்கும் ஞாபகம் தேவையில்லை. எல்லாவற்றுக்கும் கண்தான் தேவை. அந்த சந்தோஷத்தில் இறங்க வேண்டிய ஸ்டேஷனைத் தவறவிட்டேன். மறதி எங்கள் வீட்டில் யாருக்கு என்று கேட்டால் அன்றைக்கு நான்தான் கை தூக்கியிருக்க வேண்டும்.

வீட்டில் அப்பா டிவிக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். செய்தி ஓடிக்கொண்டிருந்தது. அவர் டிவியைப் பார்க்கவில்லை, காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. சத்தத்தைக் குறைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அப்பா, உங்களுக்குக் கண்ணு தெரியுதா?"

"தெரியாம என்ன? நீ தெரியறே. சுவர் தெரியுது."

"எழுத்து?"

அவர் டிவி பக்கம் திரும்பிக்கொண்டார். என் போனில் எங்கள் கேள்வியை வரவழைத்து அவரிடம் நீட்டினேன். "இதுல என்னப்பா எழுதியிருக்கு?"

அவர் அதைக் கையில் வாங்கவே இல்லை. "உங்க கம்பெனியதா? அது வெள்ளையா ஒண்ணு வரும். மேல தட்டினா போயிடும்" என்றார்.

நான் பல நாட்கள் எழுத்துரு தேடி, சாம்பல் நிறத்தில் எந்தச் சாம்பல் என்று யோசித்து யோசித்துச் செய்தது அது. ஆபீஸே மூச்சு விட்டு ரசித்தது. என் அப்பாவுக்கு அது ஒரு வெள்ளைத் தாள். தட்டினால் போய்விடும். எனக்கு வருத்தப்படக்கூடத் தோன்றவில்லை. அவர் வாயால் இதைக் கேட்கத்தான் இத்தனை வாரமும் காத்திருந்ததுபோல இருந்தது.

"தெரியலைன்னா அப்புறம் ஏம்ப்பா போனை அத்தனை தடவை எடுக்கறீங்க?"

"இன்னைக்காவது தெரியுதான்னு எடுத்துப் பார்ப்பேன்" என்றார்.

அந்தப் பதில் எங்கள் ஐந்தில் இல்லை. ஐம்பது வைத்திருந்தாலும் எனக்கு அது தோன்றியிருக்காது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் அப்படியெல்லாம் பழக்கம் இல்லை. அவருக்குக் கூச்சமாக இருந்திருக்கும், ஆனாலும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

பிறகு எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. வாட்ஸ்அப்பைப் பச்சை நிறத்தை வைத்துக் கண்டுபிடிப்பார். யார் என்ன அனுப்பினாலும் கட்டைவிரல் போட்டுவிட்டால் மரியாதையாகப் போய்விடும் என்று ஒரு வழி வைத்திருந்தார். அது சாவு வீட்டில் போய் மாட்டிக்கொண்டது. சிவாஜிநகருக்கு பஸ் ஏறினதே பிளாட்பாரத்தில் விற்கிற கண்ணாடி வாங்கத்தான். பவர் கூட, இன்னும் கூட என்று வாங்கியவை அலமாரியில் துண்டுக்கு அடியில் நாலைந்து கிடந்தன. அம்மா சமையலறையிலிருந்து வந்து, கரண்டியோடு நின்று முழுவதையும் கேட்டாள். "அப்போ தினமும் ஸ்கூட்டர் ஓட்டிட்டுப் போறீங்களே?" என்றாள்.

"நம்ம கிராஸ் எல்லாம் எனக்கு மனப்பாடம்டி. எங்க பள்ளம், எங்க ஸ்பீட் பிரேக்கர், எல்லாம் தெரியும். மெல்லத்தான் போவேன்."

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். ஞாபகத்தை வைத்தே ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டிருந்த மனிதருக்கு ஞாபகமறதி என்று நான் பயந்திருக்கிறேன்.

அந்தப் பயத்தை நான் அவரிடம் சொன்னேன். "பெரியப்பா மாதிரி ஆயிடுச்சுன்னு நினைச்சேம்ப்பா." அவர் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். பார்த்தார் என்றால், என் குரல் வந்த பக்கம் திரும்பினார்.

"அதான் சொல்லலை" என்றார். "அண்ணனுக்கு முடியலைன்னு தெரிஞ்சதும் என்ன செஞ்சோம்? முதல்ல ஸ்கூட்டர் சாவியை வாங்கினோம். அப்புறம் பேங்க் வேலை. அப்புறம் போன். ஒண்ணொண்ணா. சாவியை வாங்கினவன் நான்தானே. கொடுக்கும்போது அவன் என் மூஞ்சியைப் பார்த்த பார்வை இருக்கே." தன் கண் மங்கியது தெரிந்தால் தனக்கும் அப்படித்தான் ஆரம்பிக்கும், ஒன்றைச் சொன்னால் எல்லாவற்றையும் பிடுங்கிக்கொள்வார்கள் என்று நினைத்திருக்கிறார். ஒரே ஆளை நினைத்து இரண்டு பேரும் ஒரே வீட்டில் தனித்தனியாகப் பயந்துகொண்டிருந்தோம்.

"சாவி வேணும்" என்றாள் அம்மா, கையை நீட்டி. "கண்ணு சரியானதும் வாங்கிக்கோங்க." அப்பா சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். திரும்பக் கிடைக்கும் என்று தெரிந்து கொடுப்பதால் முகம் அவ்வளவு வாடவில்லை.

மறுநாளே கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் பெண், சின்ன வயசு. கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, "எரடு கண்ணல்லூ பொரெ சார்" என்றாள். இரண்டு கண்ணிலும் புரை. நன்றாக முற்றிவிட்டது, இத்தனை நாள் எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்டாள். அப்பா என்னைக் காட்டி, இவங்க கம்பெனியில கூடக் கண்டுபிடிக்கலை என்று கன்னடத்தில் பெருமையாகச் சொன்னார். எனக்கு டாக்டரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. ஊரில் எத்தனை பேருக்கு வருகிறது, எத்தனை பேருக்குச் சரியாகிறது. கண்புரை என்ற வார்த்தையை யாரும் என்னைப் போல அவ்வளவு சந்தோஷமாகக் கேட்டிருக்க மாட்டார்கள். வெளியே வந்து, வாங்கி வைத்திருந்த அந்த மறதி டாக்டரின் நம்பரைப் போனிலிருந்து அழித்துவிட்டேன்.

ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டு ஆபீசுக்குப் போனேன். மீட்டிங் கூட்டி, என் சாம்பல் எழுத்தை நானே குப்பையில் போட்டேன். கறுப்பாக, தடியாக, பெரிதாக இருக்கட்டும், கேட்டால் வாய்விட்டுப் படித்தும் காட்டட்டும் என்றேன். படிக்கக்கூட நேரம் எடுக்காமல் தட்டிய பதிலைக் கணக்கில் சேர்க்கவே கூடாது என்றும் சொன்னேன். அழகு போய்விடுமே என்று மூச்சு விடுவதுபோல இருக்கிறது என்று முன்பு பாராட்டியவர் வருத்தப்பட்டார். எங்கள் ஆப் போனைத் திரும்பத் திரும்ப எடுக்கிறவர்களைப் பற்றியது. அவர்கள் என்ன பார்க்கிறார்கள் என்று யோசித்த நாங்கள், அவர்களால் பார்க்க முடிகிறதா என்று யோசிக்கவே இல்லை என்றேன். இன்ஜினியர் ஒரு ஆறாவது பதிலையும் சேர்த்தான். "வேறு காரணம்" என்று போட்டு, பக்கத்தில் பேசிப் பதிவு செய்ய ஒரு மைக். அதை எங்கே வைக்கலாம் என்று கேட்டான். மேலே என்றேன். அவன் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டான்.

முதல் கண்ணுக்கு ஆபரேஷன் நடந்த மறுநாள் காலை கட்டுப் பிரிக்கக் கூப்பிட்டிருந்தார்கள். அம்மா கோயிலுக்குப் போய்விட்டு நேரே வருவதாகச் சொல்லியிருந்ததால் நான் மட்டும் கூட இருந்தேன். நர்ஸ் பஞ்சை எடுத்து, சொட்டு மருந்து விட்டு, மெல்லத் திறங்க சார் என்றாள். அப்பா கண்ணைக் கொட்டினார். கூரையைப் பார்த்தார், ட்யூப்லைட்டைப் பார்த்தார். சுவரில் இருந்த கன்னட போர்டை முழுவதுமாக வாய்விட்டுப் படித்தார், கீழே சின்ன எழுத்தில் இருந்த அச்சகத்தின் பேர் வரைக்கும். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

பிறகு என் பக்கம் திரும்பினார். முகம் மாறியது. ரொம்ப நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா இது" என்றார். "கண்ணுக்குக் கீழே இவ்வளவு கறுத்துப் போயிருக்கு. எப்போலேர்ந்து இப்படி இருக்கே நீ? தூங்கறதே இல்லையா?"

"தூங்கறேம்ப்பா" என்றேன். "இப்போ ஒரு வாரமா நல்லாத் தூங்கறேன்."